தேய்க்காத கொட்டை

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தாறு. குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "மாஸ்டர்" என்பார். அவர்கள் இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

குருவின் பெயர் பூங்கோதை. திருச்சியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் நடத்துவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கதைக்குள்ளேயே இறங்கி ஆடுகிற ஆட்டம். ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் வில்லாளி, ஒருவர் திருடர். "இப்ப என்ன செய்றீங்க?" என்று மாஸ்டர் கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்லக் கதை வளரும். பூதங்களும் மந்திரக் கோட்டைகளும் நிறைந்த அந்த உலகத்துக்கு ஏழ்துறை நாடு என்று பெயர். அங்கே எல்லாக் கதைக்கும் ஒரு தலைவன் உண்டு. அவனை மட்டும் மாஸ்டரே ஆடுவார். மற்றவர்கள் அவன் பின்னால் போவார்கள், போகப் பிடித்தால்.

பகடைக்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியிருப்பார்கள். தலைவனுக்கு ஐந்து கொட்டை, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பெரிய காரியம் என்றால் ஐந்தும் வெள்ளையாக விழ வேண்டும். விழாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. தலைவன் வாயைத் திறந்து உதவி கேட்டால், கூட இருப்பவர் தன் கொட்டையை வெள்ளைப் பக்கம் மேலாக வைத்துக் கொடுக்கலாம். கொடுத்தது கொடுத்ததுதான், அன்றைக்குத் திரும்ப வராது.

ஆனால் தலைவனுடைய ஐந்தில் சிலவற்றைப் பூங்கோதை தேய்க்காமலே வைத்திருப்பார். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் மூன்று. எப்படி உருட்டினாலும் அவை கறுப்புதான். தலைவனின் குறைக்கு அடையாளம் அவை. கறுப்பின் மேல் யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. அந்தக் குறையால் அடிபட்டவர் வைத்தால்தான் செல்லும்.

தேய்க்க மாஸ்டருக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சீடர். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. ஆறு வருடமாக அந்த மேசையில் வில்லாளி. அம்பு விட்டு விட்டு அலுத்துப் போயிருந்தார். தானும் ஒரு மேசைக்கு மாஸ்டராக வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆதரவாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டத் திருவிழா நடக்கும். முன்பின் தெரியாதவர்கள் வந்து எந்த மேசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். போன வருடம் சவரிமுத்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு மேசை வாங்கினார்.

"இந்தக் கறுப்பு எதுக்கு மாஸ்டர்? தலைவன்னா தலைவன் மாதிரி இருக்க வேண்டாமா?"

"தேய்ச்சுப் பாருங்களேன் அண்ணே."

சவரிமுத்து தன் வீட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்து தேய்த்தார். அவருடைய தலைவன் மாவலங்கன் ஐந்து வெள்ளைக் கொட்டையோடு களத்தில் இறங்கினான். சிங்கமுகப் பூதத்தை ஒரே வீச்சில் முடித்தான். விடுகதையைத் தானே போட்டுத் தானே அவிழ்த்தான். டீ வந்தது. ஆட வந்தவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த மேசையில் போய் உட்கார்ந்தார்கள்.

போகும்போது ஒரு பெண் மரியாதையாகவே சொன்னாள். "உங்க ஆளு பிரமாதம் சார். நாங்க எதுக்கு?"

காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சவரிமுத்து ஆறிய டீயைக் குடித்தார்.

இந்த வருடமும் பூங்கோதை அவருக்கு ஒரு மேசை தந்தார்.

"டீக்கு அப்புறமும் ஆளு இருந்தா, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து நம்ம மாடியில நீங்களும் மாஸ்டர்."

"இல்லன்னா?"

"வில்லு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

புதிதாக நான்கு வெள்ளைக் கொட்டையும் ஒரு கறுப்புக் கொட்டையும் கொடுத்தார். சவரிமுத்து கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைவனுக்குக் குறை எதுக்கு மாஸ்டர்? உண்மையாவே கேக்குறேன்."

பூங்கோதை மூலையில் கிடந்த இன்னொரு மேசையைத் தட்டினார். "இந்த மேசையை மண்டபத்துக்கு அனுப்பணும். கீழே இறக்கிடலாமா?" என்றார்.

தேக்கு மேசை. கனம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் கை கொடுக்க எழுந்தார்கள். சவரிமுத்து அதற்குள் மேசையைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றிவிட்டார். மாடிப்படி குறுகல். மேசை படி முழுவதையும் அடைத்துக்கொண்டது.

"நாங்க ஒரு பக்கம் பிடிக்கறோம் சார்."

"வேண்டாம், வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

நான்கு பேரும் மேலேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பின்பக்கப் படி வழியாக இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். சவரிமுத்து கழுத்து நரம்பு புடைக்க மேசையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தெருவில் பூங்கோதை மட்டும் நின்றார்.

"எல்லாரும் எங்க மாஸ்டர்?"

"டீ குடிக்கப் போயிட்டாங்க அண்ணே."

சவரிமுத்து கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் மாவலங்கனுக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்துக்கொண்டு வந்தார். முன்கோபமும் சேர்த்திருந்தார். நான்கு பேரும் ஒத்திகைக்கு ஆடினார்கள். மாவலங்கன் கோபப்பட்டான். கொள்ளைக்காரர்கள் மேல் கோபப்பட்டான், பூதத்தின் மேல் கோபப்பட்டான், வரி கேட்டு அடித்த கொடுங்கோலன் மேலும் கோபப்பட்டான். ஒருவர் கொட்டாவி விட்டார்.

"குறை வெச்சுட்டேன் மாஸ்டர். அப்பவும் யாரும் ஒட்டலையே?"

"அந்தக் கோபத்துல அவன் எதையாச்சும் இழந்தானா?"

"இல்ல."

"கூட இருந்தவங்க?"

"அவங்களுக்கென்ன நஷ்டம்?"

"அப்ப அது காதுல போட்ட கடுக்கன் அண்ணே. நல்லாத்தான் இருக்கு."

சவரிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு மாவலங்கன் குடித்துவிட்டு வந்தான். நண்பனின் செருப்பைத் திருடி விற்றான். காவலுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் தூங்கினான். கடைசியில் ஊரையே எதிரிக்குக் காட்டிக்கொடுத்தான். நான்கு பேரும் கலந்து பேசி அவனைக் காவிரி மாதிரி இருந்த ஓர் ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

"கொன்னுட்டாங்க மாஸ்டர்."

"அழுதாங்களா?"

"சிரிச்சாங்க."

பூங்கோதையும் சிரித்துவிட்டார். சவரிமுத்துவால் முடியவில்லை. திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வில்லும் அம்பும் மறுபடி கண்ணில் தெரிந்தன.

"குறை இல்லன்னா எழுந்து போறாங்க. குறை இருந்தா தள்ளி விடுறாங்க. நான் என்னதான் செய்றது?"

"வேலைக்குப் போங்க அண்ணே."

"மாஸ்டர்?"

"நாளைக்கு டூட்டிதானே? போங்க. யோசிக்காதீங்க."

மறுநாள் காலை புதுக்கோட்டை வண்டி கிளம்பும் நேரம். சவரிமுத்து தன் டைம் கீப்பர் கூண்டை விட்டு வெளியே வந்து, கையில் விசிலோடு நின்றார். பூக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். கையை உயர்த்திக் காட்டினார். பூங்கோதை.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க மாஸ்டர் மாதிரி இருக்கு."

"மணி ஆச்சு. எடு."

விசில் அடித்தார். வண்டி போய்விட்டது.

பூங்கோதை மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கையைக் காட்டினேனே?"

"பாத்தேன் மாஸ்டர். நேரமாயிடுச்சு."

"ஒரு நிமிஷம் நின்னிருந்தா?"

"ஒருத்தருக்கு நின்னா எல்லாருக்கும் நிக்கணும்."

பூங்கோதை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாகத்தான் இருந்தார். அது நடிப்பு இல்லை.

"இந்த ஸ்டாண்டுல வண்டி நேரத்துக்குக் கிளம்பும்னு ஊரே நம்புது அண்ணே. உங்களாலதான். இப்ப எனக்கு உங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. அதுவும் உங்களாலதான்." பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "ரெண்டும் ஒரே விசில்."

அடுத்த வண்டியில் ஏறிப் போனார். அதுவும் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

அன்று முழுவதும் சவரிமுத்து, ஓடி வந்து வண்டியை விட்டவர்களின் முகங்களை முதல்முறையாகப் பார்த்தார்.

திருவிழா அன்று அவருடைய மேசைக்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் வில்லாளியும் வாள்வீரனுமாக உட்கார்ந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர் ரெங்கநாதன், உரத்த குரல், பூட்டுத் திறக்கும் திருடர். நான்காவதாக ஹாஜிரா என்கிற நர்ஸ். நாகம்மை என்ற கிழட்டு மருத்துவச்சியாக ஆடினார். முட்டிவலி உள்ளவள், மூலிகைப் பையோடு மெதுவாக நடப்பவள்.

ஏழ்துறை நாட்டின் ஓடக்காரர்களை இரும்புக்கோட்டைப் பூதம் பிடித்து வைத்திருந்தது. அன்றே மீட்காவிட்டால் எல்லோரும் கல்லாகிவிடுவார்கள். மாவலங்கன் கிளம்பினான். எங்கும் நிற்கவில்லை. நிற்காததால்தான் அவன் இதுவரை போன ஊரெல்லாம் பிழைத்தது என்று சவரிமுத்து சொன்னார். எரிந்த கிராமத்தில் புகுந்து மூச்சு விடுவதற்குள் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தான். பையன்களுக்குப் பிடித்துவிட்டது. "செம தலைவரு" என்றான் ஒருவன்.

ஆற்றங்கரையில் ஓடம் நின்றது. கரையில் அடிபட்ட ஒருவன் கிடந்தான்.

"நான் அவனுக்குப் பச்சிலை பறிச்சு வெச்சுக் கட்டுறேன்" என்றார் ஹாஜிரா.

பக்கத்தில் யாரும் விசில் அடிக்கவில்லை. சவரிமுத்துவுக்கு மட்டும் கேட்டது.

"மாவலங்கன் சொல்றான், ஓடத்தை எடு."

"நான் இன்னும் ஏறலையே?"

"நேரமாயிடுச்சு."

"நான் கையைக் காட்டுறேன். அவரு பாக்குறாரா?"

"பாக்குறான். ஓடம் போயிடுச்சு."

ஹாஜிராவின் முகம் சிவந்தது. ரெங்கநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன சார் இது? இவன்லாம் ஒரு தலைவனா?"

"ஓடக்காரங்க கல்லாயிடுவாங்கல்ல சார்? அவன் செய்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றான் வில்லாளிப் பையன்.

"என்னடா ஞாயம்? வயசான பொம்பளைய ஆத்தங்கரையில விட்டுட்டு வர்றதா ஞாயம்?"

"நான் ஓடத்துல எந்திரிச்சு நின்னு அவன்கிட்ட சண்டை போடுறேன்" என்றான் வாள்வீரன். "எழுதிக்கங்க சார். சட்டையப் பிடிக்கிறேன்."

டீ வந்தது.

சவரிமுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மண்டபம் முழுக்க நாற்காலிகள் நகரும் சத்தம். டம்ளர்கள் மேசை மேல் வைக்கப்பட்டன. யாரும் தொடவில்லை. ரெங்கநாதன் மாவலங்கனைத் திட்டிக்கொண்டிருந்தார். பையன் மாவலங்கனுக்காக வாதாடிக்கொண்டிருந்தான். ஹாஜிரா தன் ஒரே கொட்டையைக் கைக்குள் மூடி வைத்திருந்தார். எழுந்து போகவில்லை.

தூரத்தில் தன் மேசையிலிருந்து பூங்கோதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

இரும்புக்கோட்டையின் கதவு. ஐந்து வெள்ளை விழ வேண்டும். சவரிமுத்து உருட்டினார். இரண்டு வெள்ளை. இரண்டு கவிழ்ந்திருந்தன. ஒன்று, எப்போதும்போல, கறுப்பு.

போன வருடத்து மாவலங்கனாக இருந்தால் கதவைத் தோளால் இடித்திருப்பான்.

"மாவலங்கன் உங்ககிட்ட கேக்குறான்" என்றார் சவரிமுத்து. "என்னால முடியல. கை குடுங்க."

பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வில்லாளி தன் கொட்டையை வைத்தான். சட்டையைப் பிடித்தவனும் கொஞ்சம் முறைத்துவிட்டு வைத்தான். நான்கு வெள்ளை. கறுப்பு மட்டும் மிச்சம்.

ரெங்கநாதன் தன் கொட்டையை நீட்டினார். சவரிமுத்து தலையை அசைத்தார்.

"இது உங்களால முடியாது சார். அடிபட்டவங்கதான் வைக்கணும்."

எல்லோரும் ஹாஜிராவைப் பார்த்தார்கள்.

"நான் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கேன்" என்றார் ஹாஜிரா.

"மாவலங்கன் திரும்பி வர்றான்."

"ஓடக்காரங்க?" என்றான் பையன் பதறிப்போய்.

"நேரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவன் திரும்பி வர்றான். ஓடத்தைக் கரையில கட்டுறான். நாகம்மை முன்னாடி வந்து நிக்கிறான்."

"என்ன சொல்றாரு?"

சவரிமுத்து மாவலங்கனாகவே பேசினார். "நான் யாருக்கும் நின்னதில்ல நாகம்மா. அதை வேகம்னு நெனச்சிருந்தேன். பயம். ஒரு எடத்துல நின்னுட்டா, அப்புறம் யாரையும் விட்டுட்டுப் போக மனசு வராதுன்னு பயம்."

ஹாஜிரா ஆறிய டீயை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"நாகம்மை இன்னும் கட்டுப் போட்டு முடிக்கல. முடிச்சாத்தான் வருவா. அதுவரைக்கும் அவரை உக்காரச் சொல்லுங்க."

"உக்கார்றான்."

ஹாஜிரா மெதுவாக டீ குடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ரெங்கநாதன்கூட. பக்கத்து மேசையிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். சவரிமுத்துவின் கை தன்னையறியாமல் கடிகாரத்துப் பக்கம் போனது. பாதியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு சுகமான காத்திருப்பை அவர் வாழ்நாளில் அறிந்ததில்லை.

டம்ளர் காலியானது.

"கட்டுப் போட்டாச்சு" என்றார் ஹாஜிரா. "என் பையை அவரு தூக்கிக்குவாரா?"

"தூக்கிக்குவான்."

அவர் மூடிய கையைத் திறந்தார். வியர்வையில் நனைந்திருந்த கொட்டையை, வெள்ளைப் பக்கம் மேலாக, கறுப்பின் மேல் வைத்தார்.

"கதவு திறந்துடுச்சு" என்றார் சவரிமுத்து.

ரெங்கநாதன் மேசையில் ஓங்கி அடித்ததில் டம்ளர்கள் குதித்தன. பையன்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். ஓடக்காரர்கள் முழங்கால்வரை கல்லாகியிருந்தார்கள். நாகம்மையின் பச்சிலை பட்டதும் அந்தக் கல் உதிர்ந்தது. மீட்கப்பட்டவர்களை ஒருவர் விடாமல் ஏற்றும்வரை மாவலங்கன் ஓடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டிப் பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். மண்டபத்தில் விளக்கை அணைக்க ஆள் வந்த பிறகும் அந்த மேசையில் பேச்சு ஓயவில்லை. "அடுத்து எப்ப சார்?" என்று நான்கு பேரும் கேட்டார்கள். "மாவலங்கன்கிட்ட எனக்கு இன்னும் கணக்கு தீரல" என்றார் ஹாஜிரா, சிரித்துக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார் சவரிமுத்து. "வர்றவரைக்கும் ஆரம்பிக்க மாட்டேன்."

எல்லோரும் போன பிறகு பூங்கோதை வந்தார். ஒரு துணிப்பையை அவர் கையில் வைத்தார்.

"இந்தாங்க மாஸ்டர்."

சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பையைத் திறந்து பார்ப்பதுபோலக் குனிந்தார். உள்ளே ஒரு கை நிறையக் கொட்டைகள். பெரும்பாலும் கறுப்பு.

"இவ்வளவு எதுக்கு மாஸ்டர்? தலைவனுக்கு ஒண்ணு போதுமே. இன்னிக்கு ஒண்ணுதானே இருந்துச்சு?"

"ரெங்கநாதன் ஒண்ணு நீட்டினாரே. எங்க வெச்சாரு?"

சவரிமுத்து யோசித்தார். வைக்க இடமில்லாமல் ரெங்கநாதன் அதைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். போகும்போதுதான் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

"உங்க தலைவனுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு இருக்கும், ஒரு நாளைக்கு மூணு இருக்கும்" என்றார் சவரிமுத்து மெல்ல. "தேய்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கலன்னுதான் நான் நெனச்சிருந்தேன்."

பூங்கோதை பையின் வாயைச் சுருக்கிக் கட்டி அவரிடமே கொடுத்தார்.

"எத்தனை பேரு வந்து உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் அண்ணே, நான் பையில கை விடுவேன்."